சொல் விளையும் தோட்டம்

  

முதலாம் ஆண்டிற்குப் பிள்ளைகளைப் பதிய வரும் பெற்றோர் ஆண்டுதோறும் தவறாமல் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தமிழ்ப்பள்ளிக்கூடத்துல போட்டா பிள்ளைக்கு மலாய் வருமா, வாத்தியாரய்யா?" என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் தாயாராக இருப்பார். தமிழின்பால் அன்பு இல்லாதவர் அவ்வாறு கேட்பதில்லை. தம் பிள்ளை நாளை எங்கும் தலைகுனிந்து நிற்கக்கூடாதே என்ற கவலையே அவரை அவ்வாறு கேட்கச் செய்கிறது.

அக்கவலைக்குத் தக்க காரணமும் உண்டு. 1967ஆம் ஆண்டுத் தேசிய மொழிச் சட்டத்தின்படி மலாய்மொழியே இந்நாட்டின் ஆட்சிமொழி. இடைநிலைப்பள்ளியில் பாடங்கள் பலவும் மலாயில் நடைபெறுகின்றன. எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் தேர்ச்சி பெறாதவருக்குச் சான்றிதழே இல்லை. எங்கள் காலத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஆறாம் ஆண்டை முடித்தபின் ஓராண்டைப் புகுமுக வகுப்பில் கழித்தனர். அவர்களிற் சிலர் அறிவிற் குறையாதவர்களாயிருந்தும் சொல் கிடைக்காமல் வாய்மூடி அமர்ந்து, பின்னர்ப் படிப்பையே கைவிட்டனர். அந்த நிலை எம் மாணவருக்கு வரலாகாது என்பதே எங்கள் எண்ணம்.

ஆகவே, அத்தாய்மார்களுக்கு நாங்கள் கூறும் விடையை இம்மலரில் சற்று விரிவாக எழுத விழைகிறோம். மலாய் வரும், அம்மா. தமிழை நன்றாகக் கற்ற பிள்ளைக்கு அது விரைவாகவே வரும். மலாய்ச் சொற்கள் நம்மைச் சுற்றிக் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி எடுக்கக் கற்பித்தால் போதும்.

முதலில் தந்தையின் வேலைக்களத்தைப் பார்ப்போம். ஜாசின் வட்டாரத்தில் முன்பு பால்மரங்கள் நின்ற நிலங்களிற் பெரும்பகுதியில் இன்று செம்பனை நிற்கிறது. அங்கே வேலை செய்யும் தகப்பனாருக்கு மலாய் இலக்கணம் தெரியாமலிருக்கலாம். ஆனால் குலையைத் 'தண்டான்' என்பதும், மட்டையைப் 'பெலெப்பா' என்பதும், உரத்தைப் 'பாஜா' என்பதும், நஞ்சை 'ராச்சுன்' என்பதும், அரிவாளைச் 'சாபிட்' என்பதும், நிறுப்பதைத் 'திம்பாங்' என்பதும் அவருக்கு நன்கு தெரியும். இவற்றை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. குலையை வெட்டி, தோளில் சுமந்து, லோரியில் ஏற்றிக் கற்றுக்கொண்டார். அதனால்தான் அவை அவருக்கு மறப்பதில்லை.

இரண்டாம் ஆண்டு மாணவரை ஒருமுறை பள்ளிக்கு அருகிலுள்ள செம்பனைக் காட்டின் ஓரத்திற்கு அழைத்துச் சென்றோம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருளைத் தொட்டு அதன் தமிழ்ப்பெயரையும் மலாய்ப்பெயரையும் சொல்ல வேண்டும் என்பதே விளையாட்டு. வகுப்பில் பத்துச் சொற்களை ஒரு வாரம் எழுதியும் மறந்துவிடும் ஒரு மாணவன், அன்று உதிர்ந்து கிடந்த பழத்தைக் கையிலெடுத்து, "புவா ரெலாய்!" என்று கூவினான். அச்சொல்லை நாங்கள் கற்பித்ததில்லை. "எங்கப்பா சொல்லும்" என்றான். அன்று முதல் அவனுடைய தந்தையாரும் எங்கள் ஆசிரியர்களுள் ஒருவர் என்றே எண்ணி வருகிறோம்.

இனி வீட்டிற்குள் வருவோம். தமிழும் மலாயும் நேற்றுச் சந்தித்த மொழிகள் அல்ல. தமிழ் வணிகர் மலாக்காத் துறைமுகத்திற்குப் பன்னெடுங்காலமாக வந்து சென்றவர்கள். அவர்களுடைய பண்டங்களோடு சொற்களும் கரையிறங்கின. நம் கடை மலாயில் 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. கட்டில் 'காத்தில்', பெட்டி 'பெத்தி', திரை 'தீராய்', குளம் 'கோலாம்' என்றாயின. வணிகத்திற்கு இடும் முதல் 'மோடால்' ஆயிற்று. சமையலறையில் கறி 'காரி'யாகவும், மாம்பழம் 'மெம்பெலாம்' ஆகவும், முருங்கை 'மெருங்காய்' ஆகவும் விளங்குகின்றன. கழுதைகூட 'கெல்டாய்' என்று பெயர் மாறி நிற்கிறது! நாம் நாள்தோறும் சொல்லும் 'சும்மா' என்பதும் 'சூமா'வாகி, 'மட்டும்' என்ற பொருளில் வழங்குகிறது.

வடமொழியிலிருந்து இரு மொழிகளுக்கும் பொதுவாக வந்த சொற்களும் பல. முகம் 'மூக்கா', நாமம் 'நாமா', வர்ணம் 'வார்னா', சிங்கம் 'சிங்கா', பாஷை 'பஹாசா'. பூமியும் குருவும் மாறாமல் அப்படியே இருக்கின்றன.

1511ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றி 1641 வரை ஆண்டனர். அவர்கள் தமிழகக் கடற்கரையிலும் வணிகம் புரிந்தவர்கள். ஆதலால் ஒரே போர்த்துகீசியச் சொல் தமிழிலும் மலாயிலும் குடியேறிய வியப்பைக் காண்கிறோம். நம் ஜன்னல் அங்கே 'ஜெண்டேலா', மேசை 'மேஜா', அலமாரி 'அல்மாரி', துவாலை 'துவாலா', சப்பாத்து 'செப்பாத்து'. வகுப்பறையில் அமர்ந்தபடியே ஜன்னலையும் மேசையையும் அலமாரியையும் சுட்டிக்காட்டினால் மூன்று சொற்கள் கைக்கு வந்துவிடுகின்றன.

மலாயும் நமக்குக் கொடுத்திருக்கிறது. ரப்பரை நம் முன்னோர் 'கித்தா' என்றனர். அது 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லே. மலாய்க்காரர் வாழும் கிராமத்தைக் 'கம்பம்' என்கிறோம். அது 'கம்போங்'. ஆசிரியர் கையிலிருந்த 'ரோத்தான்' எந்த மொழி என்று முதுகில் வாங்கிய தலைமுறையினர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்! அண்டை வீட்டார் கறிவேப்பிலையும் பலகாரமும் மாற்றிக்கொள்வதுபோல இரு மொழிகளும் சொற்களை மாற்றிக்கொண்டிருக்கின்றன.

சாலையில் செல்லும்போதும் பாடம் உண்டு. பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து ஊர்ப்பெயர்களைப் படித்துச் செல்லுங்கள், மாணவர்களே! 'ஆயேர்' என்றால் நீர், 'பானாஸ்' என்றால் சூடு. நம் மாவட்டத்து ஆயேர் பானாஸ் என்ற ஊரின் பெயருக்கு வெந்நீர் என்பதே பொருள். 'குரோ' என்றால் கலங்கல். ஆகவே ஆயேர் குரோ கலங்கிய நீர். சுங்கை ரம்பை, ரம்பைப் பழத்தின் பெயர் தாங்கிய ஆறு. அலோர் காஜாவில் யானை நிற்கிறது. புக்கிட் காத்தில் என்ற பெயரில் ஒரு குன்றின்மேல் நம்முடைய கட்டிலே கிடக்கிறது! ஆசகான் பக்கம் சென்றால் 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை தெரியும். அதனைப் 'புக்கிட்' என்னாமல் 'குனோங்' என்பதேன்? குன்றுக்கும் மலைக்கும் உள்ள வேறுபாடே அது.

மலாக்கா என்ற பெயரையும் விட்டுவிடலாகாது. பரமேசுவரர் ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது, சிறு சருகுமான் தம் வேட்டைநாயை எதிர்த்து உதைத்ததைக் கண்டு, அம்மரத்தின் பெயரையே தம் ஊருக்கு இட்டார் என்பது வழிவழி வந்த கதை. அந்த மலாக்கா மரம் எது தெரியுமா? நம் நெல்லிமரந்தான்! ஔவையாருக்கு அதியமான் அளித்த கனியின் மரமே நம் மாநிலத்தின் பெயராக நிற்கிறது. இதைக் கேட்ட பிள்ளை 'போக்கோக் மலாக்கா' என்ற சொல்லை மறப்பதில்லை.

தனிச்சொற்களில் மட்டுமின்றி, சொல்லை ஆக்கும் முறையிலும் இரு மொழிகளும் சில இடங்களில் ஒன்றுபோலச் சிந்திக்கின்றன. மலாயில் 'மாத்தா' என்றால் கண். நீரூற்றை 'மாத்தா ஆயேர்', அதாவது நீரின் கண் என்பர். நாமும் ஊற்றுக்கண் என்கிறோம் அல்லவா? 'அனாக்' என்றால் பிள்ளை. மரக்கன்றை 'அனாக் போக்கோக்' என்பர். நாம் தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்கிறோம். தலை வாரும் சீப்பு மலாயில் 'சீக்காட்'. ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவர்களும் 'செசீக்காட் பீசாங்' என்கின்றனர். தமிழில் தென்னம்பிள்ளையும் வாழைச்சீப்பும் தெரிந்த பிள்ளைக்கு இவற்றை விளக்க ஒரு நிமிடம் போதும். தமிழும் அறியாத பிள்ளைக்கு இரண்டையும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கும். தாய்மொழி மற்றொரு மொழிக்குத் தடை என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்துப் பார்த்தல் நன்று.

எனினும், ஒலி ஒத்ததெல்லாம் பொருளும் ஒத்தது என்று கொண்டுவிடக்கூடாது. மலாயில் 'பாசு' என்றால் பூந்தொட்டி. பசுவென்று எண்ணிப் புல்லைப் போடாதீர்கள்! 'பாக்கு' என்றால் ஆணி. வெற்றிலையோடு மென்றால் பல் போய்விடும். 'தாலி' என்றால் கயிறு. 'ஆயா' என்றால் தந்தை. 'பாடாம்' என்றால் அழி. ஆசிரியர் கரும்பலகையை அழிக்கச் சொன்னபோது, பாடம் தொடங்கிவிட்டது என்று எண்ணிப் புத்தகத்தைத் திறந்த மாணவர் எங்கள் தலைமுறையில் உண்டு. வகுப்பே சிரித்து மகிழும் இத்தகைய சொற்கள் நினைவில் நன்றாகத் தங்கிவிடுகின்றன.

வாழ்க்கையிலிருந்து சொல் கற்பதில் எச்சரிக்கையும் வேண்டும். நம் பெரியோர் சந்தையிலும் வேலைக்களத்திலும் பேசிய மலாய் 'பாசார் மலாய்'. அது நம்மை வாழவைத்த மொழி. அதனை இகழ்தல் நன்றியன்று. ஆயினும் தேர்வுத்தாளுக்கு அது போதாது. 'என்னுடைய வீடு' என்பதை அந்த வழக்கில் 'சாயா பூஞா ரூமா' என்பர். திருந்திய மலாயில் அது 'ரூமா சாயா'. பெரிய வீடு 'ரூமா பெசார்'. பெயர் முன்னும் அடை பின்னும் வரும். மேலும், மரத்தை எண்ணச் 'செபாத்தாங்', முட்டையை எண்ணச் 'செபீஜி', இலையை எண்ணச் 'செஹெலாய்', மாட்டை எண்ணச் 'செஎக்கோர்' என்று தனித்தனி எண்ணுச்சொற்கள் உள்ளன. 'எக்கோர்' என்றால் வால். வால் உள்ளதை வாலால் எண்ணுகிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் பற்றிக்கொள்வார்கள். எனவே சொல்லைத் தோட்டத்தில் பொறுக்குவோம், பள்ளியில் கோத்துக்கொள்வோம். இரண்டில் எது குறைந்தாலும் மாலை நிறைவுறாது.

சொல் அறிவு மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியது என்று நாங்கள் கருதுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், கிராமப்புற மருந்தகம் ஒன்றில் எம் பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தாயோடும் தம்பியோடும் காண நேர்ந்தது. சிறுவன் காய்ச்சலில் துவண்டு தாயின் தோளில் கிடந்தான். அத்தாய் கடைத்தெருவில் மலாய் நன்றாகவே பேசக்கூடியவர். ஆனால் அன்று பதற்றத்தில் அவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. தாதி கேட்டவற்றிற்கெல்லாம் தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் எழுந்து செல்வதற்குள் அச்சிறுமியே முன்வந்து நின்று, "அடேக் சாயா டெமாம், மிஸ்ஸி. சூடா தீகா மாலாம். டியா தீடாக் மாவு மாக்கான்" என்றாள். 'என் தம்பிக்குக் காய்ச்சல். மூன்று இரவாகிவிட்டது. அவன் சாப்பிட மறுக்கிறான்' என்பது அதன் பொருள். தாதி உடனே சிறுவனை உள்ளே அழைத்துச் சென்றார். அன்றிரவே அவன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பின்னர் நலமாக வீடு திரும்பினான்.

'டெமாம்', 'பாத்தோக்', 'சாக்கிட் பெரூட்' என்று காய்ச்சலையும் இருமலையும் வயிற்றுவலியையும் எங்கள் வகுப்பில் மருந்தக விளையாட்டாக நடித்துப் பழகியிருந்தோம். அவள் பேசிய மூன்று வாக்கியங்களுக்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் இல்லை. ஆனால் அவற்றினும் சிறந்த தேர்ச்சியை நாங்கள் கண்டதில்லை.

மற்றொரு பக்கத்தையும் பெற்றோருக்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம். வாழ்க்கைக் களத்தில் அயல்மொழியைக் கற்ற தமிழர் உலகெங்கும் உள்ளனர். 19ஆம் நூற்றாண்டில் தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாக, பிரெஞ்சுக்காரர் ஆண்ட ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழியை அவர்கள் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. கரும்பு வெட்டியும், அடுப்பு மூட்டியும், அண்டை அயலாரோடு பழகியும் கற்றனர். நம் கறியும் முருங்கையும் ஊறுகாயும் அம்மொழியிற் புகுந்து இன்றும் 'காரி', 'முருங்', 'ருகாய்' என்று வழங்குகின்றன. ஆனால் வீட்டில் தமிழ் நின்றுபோயிற்று. அவர்தம் வழித்தோன்றல்கள் கோயில் எடுக்கின்றனர், காவடி சுமக்கின்றனர், தீ மிதிக்கின்றனர். தமிழ் பெரும்பாலும் வழிபாட்டு மொழியாகவே அங்கு எஞ்சியுள்ளது.

அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. நம் மலாக்கா நகரில் வாழும் மலாக்காச் செட்டிகள், பழங்காலத் தமிழ் வணிகரின் வழிவந்தோர். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயத்தை இன்றளவும் போற்றிக் காத்துவரும் பெருமைக்குரியவர்கள். சமயத்தையும் பொங்கலையும் விடாது பேணிய அவர்களின் வீட்டுமொழி மலாய் ஆகிவிட்டது. அவர்களைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. அன்று அவர்களுக்கு இன்றுள்ளதுபோன்ற தமிழ்ப்பள்ளி இல்லை. இன்று நமக்கு இருக்கிறது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

இரண்டு மொழியையும் ஒருங்கே பேண முடியும் என்பதற்கும் மலாக்காவே சான்று தருகிறது. 1796இல் இவ்வூரிற் பிறந்த முன்ஷி அப்துல்லா, புதிய மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். அவர் இளமையில் தமிழ் கற்றவர். வணிகத்திற்கும் கணக்கிற்கும் தமிழ் வேண்டும் என்று மலாக்காவின் வசதியுள்ள குடும்பத்தார் தம் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்பிய வழக்கத்தை, 1849இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றிலே குறிப்பிட்டுள்ளார். நம் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் ஆக்கித் தந்தவரும் அவரே. ஒரு மொழியைக் கற்றதால் அவருக்கு மற்றொன்று குறையவில்லை. இரண்டும் வளர்ந்தன. இதே மண்ணில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் அது கைகூடாதா?

இன்று லயன் வீடுகள் குறைந்துவிட்டன. எம் மாணவருள் பலர் தாமான்களிலிருந்து வேனில் வருகின்றனர். தோட்டங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தோர் உழைக்கின்றனர். எனினும், கற்பதற்குரிய வாழ்க்கை எங்கும் இருக்கிறது. இரவுச் சந்தையில் காய்கறி வாங்கும்போது பிள்ளையை விலை கேட்கச் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அண்டை வீட்டு மலாய்ப் பாட்டியாரிடம் ஒரு செடியின் பெயரைக் கேட்டு வரச் சொல்லுங்கள். பிழையாகப் பேசினால் சிரிக்காதீர்கள். சிரிப்புக்கு அஞ்சிய நாக்கு பிறகு எளிதில் எழாது.

எம் பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சொல்லேடு வைத்துள்ளோம். நாளுக்கு ஒரு சொல், தான் கண்ட அல்லது தொட்ட பொருளின் பெயராக இருத்தல் வேண்டும். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலாய், அடியில் ஒரு வாக்கியம். அதனைச் சொல்லித் தந்தவர் பெயரையும் எழுதச் செய்கிறோம். அப்பா, பாட்டி, கடைக்காரர், லோரி ஓட்டுநர் என்று அந்தப் பட்டியல் நீள்வதைக் காண மகிழ்ச்சியாக இருக்கிறது. நாளுக்கொன்றானால் ஓராண்டில் 365 சொற்கள். ஆறாண்டில் இரண்டாயிரத்திற்கும் மேல். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

பெற்றோர்களே! வீட்டில் உங்கள் பிள்ளையோடு நல்ல தமிழில் பேசுங்கள். நீங்கள் அறிந்த மலாய்ச் சொற்களையும் தயங்காமல் சொல்லிக் கொடுங்கள். பள்ளிப்படிப்புக் குறைந்தவர் நாம், நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்கிவிடாதீர்கள். வேர்வை சிந்திக் கற்ற சொற்கள் உங்களிடம் உள்ளன. அவற்றை வாக்கியமாக்கி, எழுத்தாக்கித் தரும் பொறுப்பு எங்களுடையது. ஆறாண்டு கழித்து உங்கள் பிள்ளை இரு மொழியிலும் நிமிர்ந்து பேசி இப்பள்ளியின் வாசலைக் கடந்து செல்லட்டும். அந்நாளைக் காணவே நாம் அனைவரும் பாடுபடுகிறோம்.

மாணவச் செல்வங்கள் பல்கலையும் கற்று நீடு வாழ்க! தமிழ்ப்பள்ளி தழைத்தோங்குக!